கம்பி சேர்க்கும் பிழை: காளஹஸ்தி உலைகளும் வெப்பநிலை அளவியலின் மறுபாதியும்

மின்வழி வெப்பநிலை அளவீட்டின் வரலாறு பெரும்பாலும் உணரியின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. எந்த உலோகம், எந்த ஆண்டு, எந்த அறிஞர் என்ற வரிசையில் அது நகர்கிறது. உணரியையும் அளவுமானியையும் இணைக்கும் கம்பிக்கு அதில் இடமில்லை. ஆனால் மின்தடை வெப்பமானி உருவானதே ஒரு கேபிளின் பொருட்டுத்தான்.

1860இல் ரங்கூனுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே இடுவதற்காக ஒரு கடலடித் தந்திக் கேபிள் தயாரானது. கப்பலின் அடித்தளத்தில் சுருட்டி வைக்கப்பட்ட அந்த ஈரமான கேபிள் தானே சூடேறி, உள்ளிருக்கும் கட்டாபெர்ச்சா உறையை இளக்கிவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. சுருளின் நடுவே பாதரச வெப்பமானியை வைத்தால் அதைப் படிக்க வழியில்லை. வில்லியம் சீமென்ஸ் கேபிள் அடுக்குகளுக்கிடையே செம்புக் கம்பிச் சுருள்களை வைத்து, அவற்றின் மின்தடை மாற்றத்தைக் கொண்டு வெப்பநிலையைக் கணித்தார். அந்தக் கேபிள் பின்னர் மால்டா – அலெக்சாண்டிரியா தடத்துக்குத் திருப்பிவிடப்பட்டது. வங்கக் கடலைக் கடந்து சென்னையைப் பினாங்குடனும் சிங்கப்பூருடனும் இணைத்த தந்தித் தடம் 1870–71இல்தான் அமைந்தது. ஆயினும் தொலைவிலிருந்தே வெப்பத்தை அளக்கும் முறை அதற்கு முன்பே நிலைபெற்றுவிட்டது.

அம்முறையோடு அதன் பிழையும் பிறந்தது. இணைப்புக் கம்பிக்கும் மின்தடை உண்டு. அதுவும் வெப்பத்தால் மாறும். 1871ஆம் ஆண்டின் பேக்கேரியன் சொற்பொழிவில் பிளாட்டின வெப்பமானியை விளக்கிய சீமென்ஸ், மூன்று கம்பி இணைப்பையும் முன்வைத்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் பிரிட்டிஷ் அசோசியேஷன் குழு அவருடைய கருவிகளைச் சோதித்தபோது, சூடேற்றிய பின் அவற்றின் அளவு இடம்பெயர்வது தெரியவந்தது. 1887இல் வெளியான ஹியூ கலெண்டரின் ஆய்வே பிளாட்டினத்தின் மீதான நம்பிக்கையை மீட்டது. அவர் வகுத்த ஏற்பாட்டில், உணரியோடு சேராத ஓர் இணைக்கம்பிச் சோடி முதன்மைக் கம்பிகளை ஒட்டியே ஓடும். சமனச் சுற்றின் எதிர்ப்புறத்தில் அது சேர்க்கப்படுவதால் கம்பியின் தடை கழிந்துவிடும்.

இப்பிழையின் அளவை இன்றைய ஆலையொன்றில் வைத்துப் பார்க்கலாம். காளஹஸ்தியை அடுத்த ராச்சகுன்னேரியில், 1990களில் லேன்கோவின் பெயரில் எழுந்து பின்னர் எலக்ட்ரோஸ்டீல் குழுமத்திடம் சென்ற இரும்புக் குழாய் ஆலை உள்ளது. ஊது உலையிலிருந்து குடிநீர்க் குழாய் வரை செல்லும் இத்தகைய உற்பத்தியில் குளிர்நீர், வெப்பக்காற்று, உலைச்சுவர், உருகிய இரும்பு ஆகிய ஒவ்வொன்றின் வெப்பநிலையும் அறியப்பட வேண்டும். பொதுவாக இத்தகைய ஆலைகளில் உணரிக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் இடையே நூறு மீட்டருக்கு மேலும் கேபிள் ஓடும்.

நூறு ஓம் பிளாட்டின உணரியில் ஒரு செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.385 ஓம் தடை கூடுகிறது. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் தடை கிலோமீட்டருக்குச் சுமார் 12.1 ஓம். நூறு மீட்டர் தொலைவுக்கு இரு கம்பி இணைப்பு என்றால், போகவும் வரவும் சேர்த்து 2.42 ஓம், அதாவது 6 செல்சியஸுக்கு மேற்பட்ட மிகை. நிலையான மிகையைக் கழித்துவிடலாம். ஆனால் மார்கழிக் காலைக்கும் கத்திரி வெயிலுக்கும் இடையே கேபிளின் வெப்பநிலை 25 செல்சியஸ் மாறினால் 0.6 செல்சியஸ் அளவுக்குப் புதிய பிழை சேரும். கேபிள் உலையருகே சென்றால் அது மேலும் பெருகும். மூன்று கம்பி முறை இதைப் போக்கும். கம்பிகளின் தடை சமமாக இருக்கும் வரை மட்டுமே. முனையத்தில் துரு ஏறி ஒரு கம்பியில் 0.1 ஓம் கூடினாலும் கால் செல்சியஸ் பிழை திரும்பிவிடும். நான்கு கம்பி முறை இந்தச் சமநிலையை நம்பியிருப்பதில்லை.

உருகிய இரும்பை அளக்கும் பிளாட்டினம் – ரோடியம் வெப்ப இரட்டையில் கம்பியின் நீளத்தைவிட அதன் உலோகமே முக்கியமானது. ஈடுசெய் கேபிளுக்குப் பதிலாக வெறும் செம்புக் கம்பியை இணைத்து, இணைப்புத் தலை 60 செல்சியஸிலும் அளவுமானி 25 செல்சியஸிலும் இருந்தால், 1450 செல்சியஸில் உள்ள உலோகம் சுமார் 18 செல்சியஸ் குறைவாகத் தெரியும். அந்த எண்ணை நம்பி உலோகத்தை மேலும் சூடாக்குபவர் எரிபொருளை வீணாக்குகிறார். குழாயின் வார்ப்புத் தரமும் ஐயத்துக்குள்ளாகிறது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய 4–20 மில்லியாம்பியர் டிரான்ஸ்மிட்டர் இச்சிக்கலுக்கு வேறொரு விடை தந்தது. உணரியின் அருகிலேயே அளவு மின்னோட்டமாக மாற்றப்படுவதால், குறிப்பிட்ட வரம்புக்குள் கம்பியின் தடை அதைப் பாதிப்பதில்லை. ஆனால் வெயிலிலும் தூசியிலும் நிற்கும் அந்தச் சிறு கருவியே இப்போது அளவுத்திருத்தம் செய்யப்பட வேண்டிய பொருளாகிவிட்டது. பிழை இடம் மாறியது. கண்காணிப்பின் தேவை மாறவில்லை.

இந்தியத் தொழில் வரலாறு முதலீட்டையும் உற்பத்தியையும் தொழிலாளரையும் ஆராய்ந்த அளவுக்கு அளவீட்டை ஆராயவில்லை. ஓர் ஆலை தன் எண்களை எவ்வளவு நம்பியது, யார் அவற்றைச் சரிபார்த்தார்கள் என்பதற்கான சான்றுகள் அளவுத்திருத்தப் பதிவேடுகளிலும் கேபிள் வரைபடங்களிலும் கருவிப்பிரிவுக் குறிப்பேடுகளிலும் கிடக்கின்றன. கருவி மாறும்போது முதலில் பழைய காகிதக் கடைக்குச் செல்லக்கூடியவையும் அவையே. ஆவணக் காப்பகம் என்றால் அரசாணையும் ஆண்டறிக்கையும் மட்டுமே என்ற எண்ணம் நீடிக்கும் வரை, உலையருகே நின்று அந்த எண்ணைக் காத்தவர்களின் வரலாறு எழுதப்படாமலே போகும்.