லாகில் இல்லாத இரவு

மென்பொருள் வேலையில் எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ‘லாகில் ஒண்ணும் இல்லையே, அப்போ எதுவும் நடக்கலை’ என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடுவோம். லாக் எழுதவேண்டிய புரோகிராமே அன்றைக்கு ஓடவில்லை என்பது மறுநாள்தான் தெரியவரும்.

வட அமெரிக்காவின் மேற்குக் கரை விஷயத்தில், 1980-கள் வரை நிலவியலாளர்கள் பலர் செய்ததும் ஏறக்குறைய இதுதான். வான்கூவர் தீவிலிருந்து வட கலிபோர்னியா வரை சுமார் 1,000 கிலோமீட்டர் நீளத்துக்கு, ஹுவான் டி ஃபூகா என்ற கடல்தட்டு கண்டத்தின் அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. இந்தப் பகுதிக்கு காஸ்கேடியா என்று பெயர். இதே மாதிரி அமைப்புள்ள சிலியில் 1960-ல் 9.5 அளவிலும், அலாஸ்காவில் 1964-ல் 9.2 அளவிலும் நிலம் நடுங்கியது. காஸ்கேடியாவில் மட்டும் அமைதி. ஐரோப்பியர்கள் வந்து எழுதிவைக்கத் தொடங்கிய இருநூறு ஆண்டுகளில் அப்படி ஒன்றுகூட இல்லை. இங்கே தட்டுகள் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போகின்றன போல என்று நினைத்தார்கள்.

1986-ல் அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த பிரையன் அட்வாட்டர், வாஷிங்டன் மாநிலத்தின் உப்பங்கழிகளில் மண்வெட்டியோடு இறங்கினார். கடல்நீர் வடிந்த நேரத்தில் கரையைச் சுரண்டிப் பார்த்தால், சேற்றுக்குக் கீழே புல் முளைத்திருந்த பழைய மண் புதைந்து கிடந்தது. பல இடங்களில் இரண்டுக்கும் நடுவே மெல்லிய மணல் படலம்.

இதை எப்படிப் படிப்பது? தட்டுகள் சிக்கிக்கொண்டிருக்கும்வரை கரையோர நிலம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வளையும். பூட்டு விடுபட்டதும் சில நிமிடங்களில் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் இறங்கிவிடும். பின்னாலேயே வரும் சுனாமி, கடல் மணலைப் புல்லின் மேல் பரப்பிவிட்டுப் போகும். பிறகு அந்தத் தாழ்ந்த நிலத்தில் தினமும் கடல்நீர் ஏறி இறங்கி, சேறு படியும். புல், மணல், சேறு: ஒரு நிலநடுக்கத்தின் கையெழுத்து. வில்லாபா விரிகுடாவில், கடந்த 3,500 ஆண்டுகளில் ஏழு முறை நிலம் இப்படித் தாழ்ந்திருக்கிறது.

கடைசியாக எப்போது? அதற்கு மரங்கள் சாட்சி சொல்லின. கோபாலிஸ் ஆற்றோரம் செத்துப்போய் வெளிறி நிற்கும் சிடார் மரங்கள் உண்டு. நிலம் இறங்கியதும் வேருக்கு உப்புநீர் வந்து பட்டுப்போனவை. கார்பன் டேட்டிங், அவை 1680-க்கும் 1720-க்கும் இடையில் செத்தன என்றது. வரலாறு எழுத இது போதாது.

மிச்சம் ஜப்பானில் இருந்தது. கென்ரோக்கு 12-ஆம் ஆண்டு, 12-ஆம் மாதம், 8-ஆம் நாள். நம் காலண்டரில் 1700 ஜனவரி 27. அன்று நள்ளிரவில் கடல் ஊருக்குள் வந்தது. குவாகசாகியில் அலையோடு தீயும் சேர்ந்து வீடுகளைத் தின்றது. மிஹோ கிராமத் தலைவர் குழம்பிப் போய் எழுதிவைத்தார்: நிலமே நடுங்கவில்லையே, பிறகு ஏன் இந்த அலை? தாய் நிலநடுக்கம் தெரியாத இதை ‘அநாதைச் சுனாமி’ என்பார்கள். 1996-ல் கெஞ்சி சடாகேயும் அவரது குழுவினரும் அலை பசிபிக்கைக் கடக்க ஆகும் நேரத்தைக் கழித்துப் பார்த்தார்கள். 1700 ஜனவரி 26, அமெரிக்கக் கரையில் இரவு சுமார் 9 மணி, அளவு ஏறக்குறைய 9.

அடுத்த ஆண்டே டேவிட் யமகுச்சி உள்ளிட்டோர் அந்த சிடார் மரங்களின் வேர்களைத் தோண்டி வளையங்களை எண்ணினார்கள். தண்டின் வெளிப்புறம் காற்றிலும் மழையிலும் அழிந்திருந்தாலும், சேற்றுக்குள் இருந்த வேரில் பட்டை அப்படியே இருந்தது. கடைசி வளையம் 1699-க்கு உரியது. அதாவது 1699 ஆகஸ்டுக்கும் 1700 மே மாதத்துக்கும் நடுவில் அவை இறந்தன. வேரும் ஜப்பானியக் கணக்கும் ஒத்துப்போயின.

இதில் என்னைத் தொந்தரவு செய்வது வேறொன்று. வான்கூவர் தீவின் ஹூ-ஆய்-ஆட் மக்கள் இதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ராத்திரி நிலம் நடுங்கியது, பச்சீனா விரிகுடாவில் இருந்தவர்களைக் கடல் கொண்டுபோனது, மேட்டில் குடியிருந்தவர்கள்தான் பிழைத்தார்கள் என்று. லாக் இல்லாமல் இல்லை. அதை லாக் என்று யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இப்போது ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். வாஷிங்டனின் வெஸ்ட்போர்ட் கடற்கரையில், ஒகோஸ்டா தொடக்கப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தின் மேல்தளம், சுனாமி வந்தால் ஆயிரம் பேருக்கு மேல் ஏறி நிற்கும்படி கட்டப்பட்டு 2016-ல் திறக்கப்பட்டது. 1700-ஐப் படிக்கத் தெரிந்ததால் வந்த மாடி அது.

நம் பக்கக் கடலிலும் இப்படி ஒரு பதிவு இருந்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலையில், நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் பலருக்கு ‘சுனாமி’ என்ற சொல்கூடத் தெரியாது. அதன்பிறகு, அதே அலை அடித்த தாய்லாந்தின் ஃப்ரா தோங் தீவில் ஒரு குழு குழி தோண்டியது. அட்வாட்டரும் அதில் உண்டு. 2008-ல் முடிவுகள் வெளிவந்தன. மேலே 2004-ன் வெளிர் மணல். அதன் கீழே கறுத்த மண். அதற்கும் கீழே இன்னொரு வெளிர் மணல் படலம், 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முன் அதேபோல ஒரு அலை கொண்டுவந்து போட்டது.