ஆசிரியப் பயிற்சியின் வரலாற்றில் பாரமகால்

ஓதிக் கொடுப்பவருக்கு அந்தத் தகுதியை வழங்குவது யார்? இந்த வினாவுக்கு இஸ்லாமியக் கல்வி மரபு மிகப் பழங்காலத்திலேயே விடை கண்டுவிட்டது. ஒரு நூலை ஓர் உஸ்தாதிடம் முறையாக ஓதி முடித்தவருக்கு, அதைப் பிறருக்குக் கற்பிக்கும் அனுமதியை அந்த உஸ்தாதே எழுதிக் கொடுத்தார். அதனை இஜாஸா என்றனர். ஸனது என்றும் வழங்கினர். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஸனது பெற்ற ஆலிம்கள் ‘பாகவி’ என்று தம் பெயரோடு சேர்த்துக்கொள்வது இந்த மரபின் தொடர்ச்சியே. இன்றோ, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த வருபவர் பல்கலைக்கழகப் பட்டத்தோடும் அரசுத் தேர்வுச் சான்றிதழோடும் வரவேண்டியிருக்கிறது. ஆசிரியரின் கையெழுத்து இருந்த இடத்தில் அரசாங்கத்தின் முத்திரை எப்படி வந்தது என்று ஆராய்ந்தால், அந்த வரலாற்றின் ஒரு முக்கியமான இழை தருமபுரியிலிருந்து தொடங்குவதைக் காணலாம்.

1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனியார் கைக்கு மாறிய நாடுகளுள் பாரமகாலும் ஒன்று. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளை உள்ளடக்கிய அந்நாட்டை நிர்வகிக்கக் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு அனுப்பப்பட்டார். அவருக்குத் துணையாக வந்தவர்களுள் ஒருவர் தாமஸ் மன்றோ. தருமபுரியில் தங்கி, 1799 வரை அவர் இப்பகுதியில் பணியாற்றினார். ஊர் ஊராகச் சென்று நிலத்தை அளந்து, குடியானவர்களோடு நேரில் பேசி அவர் பெற்ற அனுபவத்திலிருந்துதான் பின்னாளில் ரயத்துவாரி முறை உருப்பெற்றது. மேலிருந்து ஆணையிடுமுன் கீழே என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவேண்டும் என்னும் பழக்கத்தை அவருக்குத் தந்தது பாரமகால் என்றால் அது மிகையாகாது.

அந்நாளில் நம் ஊர்களில் ஆசிரியர்கள் எவ்வாறு உருவானார்கள்? திண்ணைப் பள்ளியில் மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்கு மணலில் எழுதப் பழக்குவான். பள்ளிவாசலை ஒட்டிய மக்தபிலும் முன்னே ஓதியவர் பின்னே வந்தவருக்கு ஓதிக் கொடுப்பார். கற்பித்துக் கற்பித்தே கற்பிக்கும் கலை கைவந்தது. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய பாதிரியார் ஆண்ட்ரூ பெல், இம்முறையைக் கண்டு வியந்து தம் இல்லத்திலும் கையாண்டார். 1797இல் அதைப்பற்றி இலண்டனில் நூலும் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. நம் சட்டாம்பிள்ளை கடல் கடந்து போனான். ஆனால், சொந்த மண்ணில் அவனுக்கு மேற்பயிற்சி தர ஒருவரும் இல்லை.

1820இல் சென்னை மாகாண ஆளுநராகப் பொறுப்பேற்ற மன்றோ, 1822ஆம் ஆண்டு சூன் மாதம் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர்கள், அவர்கள் எவ்வகுப்பினர் என்று கலெக்டர்கள் கணக்கெடுத்து அனுப்பவேண்டும் என்பது அதன் சாரம். முஸ்லிம் மாணவர்களுக்கு அந்தப் பட்டியலில் தனிக் கட்டமே இருந்தது. கணக்குகள் வந்து சேர்ந்தபோது, மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருப்பது தெரியவந்தது. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. இந்த ஆவணங்களைத் திரட்டித் தரம்பால் 1983இல் வெளியிட்ட பிறகே, வெள்ளையர் வருகைக்கு முன் இங்கு கல்வியே இல்லை என்ற பேச்சு அடங்கத் தொடங்கியது.

எனினும் மன்றோ எண்ணிக்கையைக் கண்டு மயங்கிவிடவில்லை. 1826 மார்ச் 10ஆம் நாள் எழுதிய குறிப்பில் அவர் நோயின் வேரையே தொட்டார். மாணவர் ஒருவருக்கு நாலணா முதல் எட்டணா வரை பெறும் ஆசிரியர், மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் சம்பாதிப்பதில்லை. தகுதியுள்ளோரை இத்தொழிலுக்கு இழுக்க இத்தொகை போதாது என்று கணித்தார். ஆகவே முதலில் ஆசிரியர்களை உருவாக்கவேண்டும் என்றார். சென்னையில் அவர்களைப் பயிற்றுவிக்கப் பள்ளிப் புத்தகச் சங்கத்துக்கு மாதம் 700 ரூபாய். மாவட்டந்தோறும் முஸ்லிம்களுக்கு ஒன்று, இந்துக்களுக்கு ஒன்று என இரு தலைமைப் பள்ளிகள். அவற்றின் ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாய். தாசில்தாரிப் பள்ளிகள் 300, அவற்றின் ஆசிரியருக்கு 9 ரூபாய். ஆண்டுச் செலவு 48,000 ரூபாய். இதுவே அவருடைய திட்டம்.

அடுத்த ஆண்டே, 1827 சூலையில், வாந்திபேதியால் மன்றோ மரணமடைந்தார். திட்டம் அரைகுறையாக நடந்தது. பயிற்சி பெற்றவர் கிடைக்குமுன்பே பள்ளிகள் திறக்கப்பட்டன. 1835இல் ஆங்கிலக் கல்விக்கே அரசுப் பணம் என்ற கொள்கை கல்கத்தாவில் முடிவாயிற்று. மறு ஆண்டே இப்பள்ளிகள் மூடப்பட்டன. மாவட்டத்துக்கு ஒரு முஸ்லிம் பள்ளி, அதற்குப் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர் என்ற எண்ணம் முளையிலேயே கருகிப்போயிற்று.

1854ஆம் ஆண்டின் வுட் கல்வி அறிக்கை ஆசிரியப் பயிற்சியை மீண்டும் வற்புறுத்தியது. 1856இல் சென்னையில் அரசு நார்மல் பள்ளி தோன்றியது. அதுவே வளர்ந்து சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாயிற்று. மன்றோ எழுதியதற்கும் இதற்கும் இடையே சரியாக 30 ஆண்டுகள். அந்த இடைவெளியில் ஒரு தலைமுறையே கடந்துவிட்டது. 1882இல் அமைந்த ஹண்டர் குழு, முஸ்லிம் ஆசிரியர்களுக்கெனத் தனிப் பயிற்சி வகுப்புகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆனால் அதே குழு, சமுதாயம் வேறு மொழியை விரும்பும் இடங்கள் நீங்கலாக, முஸ்லிம்களின் தொடக்கக் கல்வி இந்துஸ்தானியில் அமையட்டும் என்றும் கூறியது. உருது பேசும் குடும்பங்களும் தமிழ் பேசும் குடும்பங்களும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் பாரமகால் போன்ற வட்டாரங்களில், இந்த விதிவிலக்கைப் பயன்படுத்தித் தமிழ்வழி ஆசிரியர்களைக் கேட்டுப் பெறவேண்டிய கடமை சமுதாயத்தின் தலையில் விழுந்தது. கேட்ட ஊர்கள் பயன் பெற்றன. கேளாத ஊர்கள் பின்தங்கின.

சேலத்திலிருந்து தருமபுரி 1965இல் தனி மாவட்டமாயிற்று. 2004இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. எல்.டி., பி.டி. என்றிருந்த பட்டங்கள் பி.எட். ஆகி, 2008இல் அவற்றுக்கென்றே தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகமும் அமைந்தது. ஆனால், 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80 சதவீதத்தைத் தொட்டபோது, தருமபுரி 68.5 சதவீதத்தோடு மாவட்டங்களில் கடைசியாக நின்றது.

பட்டம் பெருகியதும் அதன் மதிப்பு ஐயத்துக்குள்ளாயிற்று. 2012 சூலை 12ஆம் நாள் நடந்த முதல் ஆசிரியர் தகுதித் தேர்வை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுத, தேறியவர் 2,448 பேரே. 2025 செப்டம்பர் 1ஆம் நாள் உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் இரண்டாண்டுக்குள் இத்தேர்வில் தேறவேண்டும் என்று தீர்ப்பளித்தது. சிறுபான்மையினர் நிறுவனங்களுக்கு இது பொருந்துமா என்பதைப் பெரிய அமர்வின் முடிவுக்கு அனுப்பியது.

அம்முடிவு எதுவாயினும், நம் பள்ளிகள் அதைத் தகுதிக் குறைவுக்குப் போர்வையாக்கிக்கொள்ளலாகாது. அரசியல் சட்டம் நமக்குத் தந்திருப்பது நிறுவனத்தை நடத்தும் உரிமை. தகுதியற்றவரிடம் பிள்ளையை ஒப்படைக்கும் உரிமையன்று. பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மதீனாவின் சிறுவர்களுக்கு எழுத்தறிவித்தால் அதுவே அவர்களின் மீட்புத்தொகை என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். கற்பிப்பதன் விலையை அவ்வளவு உயர்வாக மதித்த மார்க்கம் நம்முடையது. நாமோ, நன்றாகப் படிக்கும் பிள்ளையை மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் அனுப்பிவிட்டு, வேறெங்கும் இடம் கிடைக்காதவரைப் பி.எட். படிக்கச் சொல்கிறோம், பின்னர், நம் பள்ளிகளிலேயே சொற்பச் சம்பளத்துக்கு அவரை அமர்த்துகிறோம். ஆறு ஏழு ரூபாய்க்குத் தகுதியுள்ளவர் வரமாட்டார் என்று 1826இல் மன்றோ எழுதிய கணக்கு, நம் பள்ளி நிர்வாகக் குழுக்களின் மேசையில் இன்றும் தீர்க்கப்படாமலே கிடக்கிறது. ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் கட்டடத்துக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை, ஆசிரியப் பயிற்சி பெறும் நம் ஆண், பெண் மக்களின் கல்விச் செலவுக்கும் அவர்களின் நியாயமான ஊதியத்துக்கும் ஒதுக்குமானால், அந்தக் கணக்கைத் தீர்க்கும் வேலையை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.