கடைசி பர்லாங்கு

சிற்றூரில் வாழும் ஒரு குடும்பம் இணைய இணைப்பு வேண்டுமென நினைக்கும்போது, இன்று நான்கு வழிகள் அதன்முன் நிற்கின்றன. ஊராட்சி அலுவலகம் வரை வந்துவிட்டதாகச் சொல்லப்படும் கண்ணாடி இழை; கைப்பேசிக் கோபுரம்; ஓர் ஊரின் கம்பத்திலிருந்து மற்றோர் ஊரின் கம்பத்துக்குத் தாவும் வானலை இணைப்பு; கூரைமேல் ஒரு தட்டை வைத்து நேராக வானத்தோடு பேசும் செயற்கைக்கோள். எது நல்லது என்ற கேள்வியை விலையையும் வேகத்தையும் மட்டும் பார்த்து நாம் முடித்துவிடுகிறோம். ஆனால் வானமா, மண்ணா என்ற இக்கேள்வி புதிதன்று. இந்தியாவில் இதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதைத் திரும்பிப் பார்த்தால் இன்றைய முடிவுக்கும் சிறிது வெளிச்சம் கிடைக்கும் என்று நம்புகிறோம்.

1945ஆம் ஆண்டு அக்டோபரில் ஆர்தர் சி. கிளார்க், 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஒரு கோள், பூமியிலிருந்து பார்ப்பவருக்கு அசையாமல் நிற்பதாகத் தோன்றும். அப்படி மூன்று நிலையங்கள் இருந்தால் உலகம் முழுமைக்கும் செய்தி அனுப்பலாம் என்பது அதன் சாரம். இருபது ஆண்டுகளுக்குள் அது நடைமுறையானது. அந்தக் கருத்தைச் சிற்றூரின் கண்கொண்டு பார்த்தவர் விக்ரம் சாராபாய். டெல்லியில் மட்டுமே தொலைக்காட்சி நிலையம் இருந்த 1960களில், நகரத்திலிருந்து மெல்ல மெல்ல ஊருக்கு நகரும் வழக்கமான பாதையை விட்டு, நேராகச் சிற்றூருக்கே முதலில் செல்லலாம் என்றார் அவர். அதற்கு முன்பாகக் கணக்கும் போட்டுப் பார்த்தார்கள். செயற்கைக்கோள் மட்டும், நிலத்து நிலையங்கள் மட்டும், இரண்டும் கலந்தது என வழிகளை ஒப்பிட்டபோது, கலப்பு வழியே சிக்கனமானது என்று தெரிந்தது. இந்த விடை இன்றும் செல்லுபடியாகிறது என்பதை இங்கேயே சொல்லி வைக்கிறோம்.

1969இல் நாசாவுடன் ஒப்பந்தமாயிற்று. 1971 டிசம்பரில் சாராபாய் மறைந்தார். அவர் காணாத அந்தச் சோதனை 1975 ஆகஸ்டு 1 அன்று தொடங்கியது. 'சைட்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அத்திட்டத்தில் ஆறு மாநிலங்களின் 2,400 சிற்றூர்கள் இடம்பெற்றன. தமிழ்நாடு அதில் இல்லை. பள்ளி போன்ற பொது இடங்களில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும், கம்பி வலையால் செய்த பத்தடி அகல வாங்கியும் வைக்கப்பட்டன. உழவு, உடல்நலம், கல்வி என்று நாள்தோறும் நிகழ்ச்சிகள் வந்தன. கொழும்பில் குடியிருந்த கிளார்க்கின் வீட்டிலும் இந்திய விண்வெளி அறிவியலாளர்கள் ஒரு வாங்கியை நிறுவித் தந்தார்கள்.

ஆனால் கோள் நம்முடையதன்று. ஓராண்டுக்கு இரவல் பெற்றது. 1976 ஜூலை 31 அன்று தவணை முடிந்தது, ஏ.டி.எஸ்.-6 மீண்டும் அமெரிக்கக் கண்டத்தை நோக்கி நகர்த்தப்பட்டது. ஒரு பகுதி ஊர்களுக்குப் பின்னர் நிலத்து ஒளிபரப்பு வந்து சேர்ந்தது. மற்ற ஊர்களில் வலைத்தட்டுகள் வெற்று வானத்தைப் பார்த்து நின்றன. இன்சாட்-1பி விண்ணேறியது 1983 ஆகஸ்டில். இடையில் ஏழு ஆண்டுகள் கழிந்திருந்தன. வானத்திலிருந்து வரும் ஒன்றை வானத்திலிருப்பவரே திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும் என்பது இந்த வரலாறு தரும் முதற்பாடம்.

அதே காலத்தில் குஜராத்தின் கேடா மாவட்டத்தில், பீஜ் என்னும் ஊரில் ஒரு சிறிய நிலத்து ஒளிபரப்பி வைக்கப்பட்டது. அகமதாபாத் விண்வெளி மையத்தினர் சுற்றுவட்டார மக்களின் பேச்சுவழக்கில், அம்மக்களையே பங்கேற்கச் செய்து, கூலி, தீண்டாமை, கடன் என்று அவ்வூர்களின் சிக்கல்களையே நிகழ்ச்சிகளாக்கினர். 1984இல் யுனெஸ்கோவின் ஊரகத் தொடர்புப் பரிசு அதற்குக் கிடைத்தது. 36,000 கி.மீ. உயரத்திலிருந்து வந்த நிகழ்ச்சியைவிடப் பக்கத்து ஊர்க் கம்பத்திலிருந்து வந்த நிகழ்ச்சி ஊரோடு நெருங்கிப் பழகியது.

1984இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனமும் இவ்வகையில் நினைவுகூரத்தக்கது. அங்கே உருவான 128 இணைப்புகள் கொண்ட ஊரகத் தொலைபேசி நிலையம், குளிர்சாதன அறை இல்லாமலே புழுதியிலும் வெயிலிலும் வேலை செய்யும்படி வடிவமைக்கப்பட்டிருந்தது. தொழில்நுட்பம் சிறந்ததா என்பதோடு, இந்த ஊரின் வெயிலை அது தாங்குமா என்ற கேள்வியையும் கேட்டவர்கள் செய்த பொருள் அது. மஞ்சள் நிறப் பெயர்ப்பலகை கொண்ட எஸ்.டி.டி. கடைகள் நாடெங்கும் பெருகியதற்கு இவ்வகை நிலையங்களும் ஒரு காரணம்.

இணையம் 1995 ஆகஸ்டு 15 அன்று இந்தியாவில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஊர்ப்புறங்களுக்கு அதைக் கொண்டுசெல்லும் முயற்சிகளில் தமிழ் நிலம் முன்னே நின்றது. 1998 முதல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் புதுச்சேரியில் வில்லியனூரை மையமாகக் கொண்டு தகவல் கிராமங்களை அமைத்தது. தொலைபேசிக் கம்பி இருந்த இடத்தில் கம்பி, இல்லாத இடத்தில் வானலை, மின்சாரம் நின்றால் சூரிய ஒளி என்று கிடைத்ததையெல்லாம் இணைத்தார்கள். அமெரிக்கக் கடற்படையின் தளத்திலிருந்து எடுத்த அலை உயரக் கணிப்பு, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கி வழியாக மீனவர் காதுக்கு எட்டியது. 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு மீனவ ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து, அவ்வூர்க்காரர் ஒருவரின் தொலைபேசி எச்சரிக்கை வந்தது. அதை அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவித்ததால் ஊரார் கரையை விட்டு ஓடி உயிர் பிழைத்தனர். ஆழிப்பேரலையிலிருந்து அவர்களைக் காத்தவை ஒரு தொலைபேசி, ஒரு குழாய் ஒலிபெருக்கி, அதை இயக்கத் தெரிந்த ஊர்மக்கள்.

அதே ஆண்டுகளில் சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு கார்டெக்ட் என்னும் வானலை முறையை உருவாக்கியது. செம்புக் கம்பி இழுக்கும் செலவின்றிப் பேச்சையும் இணையத்தையும் பத்து கி.மீ. சுற்றளவுக்கு அனுப்பலாம்; வேகம் 35 அல்லது 70 கிலோபிட். 2001இல் மேலூர் வட்டாரத்தில் தொடங்கிய 'சாரி' திட்டம் இதன்மேல் எழுந்ததே. ஊருக்கு ஊர் நிலையம் திறந்தார்கள். சான்றிதழ் விண்ணப்பமும் கணினிப் பயிற்சியும் நடந்தன. ஆயினும் நடத்துபவருக்கு வருவாய் போதாமலும், பழுதுக்கு உதவி குறைந்தும், சில ஆண்டுகளில் பல நிலையங்கள் மூடப்பட்டன. அலை வந்து சேர்ந்த ஊரிலும், அதைத் தாங்கி நிற்கும் ஆளுக்கு வாழ்வு வேண்டும் என்பது இரண்டாம் பாடம்.

இதற்கு மறுபக்கம் தேனி. அரவிந்த் கண் மருத்துவமனை, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து, வழக்கமான வைஃபை கருவிகளை நெடுந்தொலைவுக்கு இயங்கும்படி மாற்றியமைத்து, சுற்றுவட்டாரக் கண்பார்வை மையங்களை இணைத்தது. சிற்றூர் மையத்தில் அமர்ந்திருக்கும் நோயாளியைத் தேனியிலுள்ள மருத்துவர் திரையில் பார்த்துப் பேசுவார். இங்கே இணைப்பைக் காப்பதற்கு ஒரு மருத்துவமனை இருந்தது. அது அறுந்தால் அன்றைக்கே வேலை நிற்கும் என்பதால் அன்றைக்கே சரிசெய்யவும் பட்டது. மேலூருக்கும் தேனிக்கும் இருந்த வேறுபாட்டில் கருவிக்குப் பெரும்பங்கு இல்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

செயற்கைக்கோளும் இதற்கிடையில் சும்மா இருக்கவில்லை. தாழ்ந்த உயரத்தில் பல கோள்களைச் சுற்றவிட்டு உலகெங்கும் தொலைபேசி தரப் புறப்பட்ட இரிடியம் நிறுவனம் 1999இல் நொடித்தது. இணையத்துக்காகவே நூற்றுக்கணக்கான கோள்களைத் திட்டமிட்ட டெலிடெசிக் 2002இல் பணியை நிறுத்தியது. உயரத்தில் நிற்கும் கோள்களுக்கோ ஓர் இயற்கைத் தடை உண்டு. கேள்வி ஏறி இறங்க 72,000 கி.மீ.; விடை ஏறி இறங்க மீண்டும் 72,000 கி.மீ. நொடிக்கு மூன்று லட்சம் கி.மீ. ஓடும் ஒளிக்கே இதற்கு ஏறத்தாழ அரை நொடி தேவை. கடிதம் எழுத அது போதும், உரையாடலில் இடறும்.

இவ்விரு வழிகளையும் ஒரே மண்ணில் வைத்துப் பார்க்க வேண்டுமானால் அந்தமானைப் பார்க்கலாம். தமிழர் பலர் வாழும் அத்தீவுகள் நெடுங்காலம் செயற்கைக்கோள் இணைப்பையே நம்பியிருந்தன. கிடைத்த சிறு கொள்ளளவை எல்லோரும் பங்கிட்டதால் இணையம் மெதுவாகவும் விலை கூடியதாகவும் இருந்தது. 2020 ஆகஸ்டு 10 அன்று சென்னையையும் போர்ட் பிளேரையும் இணைக்கும், ஏறக்குறைய 2,300 கி.மீ. நீளமுள்ள கடலடிக் கண்ணாடி இழை திறக்கப்பட்டது. அதன்பின் கொள்ளளவு பன்மடங்காயிற்று. ஆனால் இழை வரும்வரை அத்தீவுகளை உலகோடு சேர்த்து வைத்திருந்தது வானம்தான் என்பதையும் மறப்பது நன்றியன்று.

நிலத்தில், 2011இல் ஒப்புதல் பெற்ற தேசிய இழைத்திட்டம் பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாறி, இரண்டரை லட்சம் ஊராட்சிகளைக் குறியாகக் கொண்டது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கான பணியை டான்ஃபிநெட் ஏற்றது. இழையின் பெருமை, ஒருமுறை புதைத்தால் பல பத்தாண்டுகள் நிற்பது. முனைக் கருவியை மாற்றினாலே வேகம் கூடுவது. அதன் சிறுமை, சாலை தோண்டும் ஒரு பொக்லைன் இயந்திரம் அதை நொடியில் அறுத்துவிடுவது. அதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. ஊராட்சி அலுவலகம்வரை இழை வந்துவிட்டது என்பது ஒரு செய்தி. தெற்குத் தெருவில் ஒரு வீட்டுக்குள் வந்துவிட்டது என்பது வேறொரு செய்தி. பொறியாளர்கள் கடைசி மைல் என்று சொல்வதை ஊர்க்கணக்கில் கடைசி பர்லாங்கு என்றே சொல்லலாம். அந்தப் பர்லாங்கைப் பல இடங்களில் கடந்து கொடுப்பவர் நாம் அறிந்த கேபிள்காரரே. கோபுரத்தின் கதையும் இதற்கு நெருங்கியதுதான். 2016க்குப் பின் 4ஜி பெருவாரியான ஊர்களை எட்டியது. எட்டாத 24,680 ஊர்களுக்காக 2022இல் தனித்திட்டம் ஒன்றுக்கு ஒன்றிய அரசு ஒப்புதல் தரவேண்டியிருந்தது.

இந்நிலையில்தான் வானம் மறுபடியும் பேச்சுக்கு வந்திருக்கிறது. ஏறத்தாழ 550 கி.மீ. உயரத்தில் ஆயிரக்கணக்கான சிறு கோள்களைச் சுற்றவிடும் ஸ்டார்லிங்க், பழைய அரை நொடித் தடையைத் தாண்டிவிட்டது. 2025 ஜூனில் அதற்கு இந்தியத் தொலைத்தொடர்பு உரிமம் வழங்கப்பட்டது. அதற்கு முந்தைய மாதம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அளித்த பரிந்துரையில், நகரச் சந்தாதாரருக்கு மட்டும் ஆண்டுக்கு 500 ரூபாய் கூடுதல் அலைக்கற்றைக் கட்டணம் கூறப்பட்டு, ஊரகச் சந்தாதாரர் விலக்கப்பட்டனர். வானம் யாருக்காக என்ற கேள்வி ஆணையத்துக்கும் இருந்தது என்று இதைப் படிக்கிறோம்.

இனி வீட்டுக்காரரின் தராசுக்கு வருவோம். இழையோ, நல்ல கோபுரமோ கைக்கெட்டும் இடத்தில் செயற்கைக்கோள் தேவையில்லை. தட்டின் விலையை வீடே தாங்க வேண்டும். அதற்கு ஐம்பது முதல் நூறு வாட் வரை மின்சாரம் ஓயாமல் வேண்டும். தென்னையும் புளியமரமும் மறைக்காத திறந்த வானம் வேண்டும். பெருமழையில் அலை தளரும். ஒரே வட்டாரத்தில் பலர் சேர்ந்தால் வேகம் பங்குபோகும். ஆனால் சாலையே இல்லாத மலையூருக்கும், காட்டோரக் குடியிருப்புக்கும், தனித்த தீவுக்கும் இக்குறைகள் பொருட்டல்ல; அங்கே ஒப்பிடுவதற்கு வேறொன்று இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது டெல்டாவில் கம்பங்களும் கோபுரங்களும் சாய்ந்து, ஊர்கள் பேச்சற்றுப் போயின. அத்தகைய நாட்களுக்காக ஊராட்சிக்கு ஒரு தட்டு பொதுவில் இருப்பது வீண்செலவாகாது.

நம் அச்சம் வேறிடத்தில் இருக்கிறது. வானத்திலிருந்து வந்துவிட்டதே என்று சொல்லி, இழையைக் கடைசி பர்லாங்குவரை இழுக்கும் கடமையிலிருந்து அரசும் நிறுவனங்களும் விலகிக்கொள்ளலாகாது. வசதியுள்ள வீட்டின் கூரையில் தட்டு ஏறிவிட்டால், இழை வேண்டுமென்று ஊராட்சிக் கூட்டத்தில் எழுந்து கேட்கும் குரல்களில் ஒன்று குறையும். 1975இல் தட்டு ஊருக்குப் பொதுவாக இருந்தது. இன்று அது வீட்டுக்கு வீடு தனியாக விற்கப்படுகிறது. வேகம் கூடியதைக் கொண்டாடும்போது இந்த மாற்றத்தையும் கணக்கில் எழுதவேண்டும்.

சாராபாய் காலத்துக் கணக்கு கலப்பு வழியைச் சொன்னது. பீஜும் நல்லவாடும் தேனியும் அதோடு இன்னொன்றைச் சேர்த்துச் சொல்கின்றன: எந்த வழியாக வந்தாலும், பக்கத்தில் ஓர் ஆள் இருக்கவேண்டும். ஆகவே எந்த இணைப்பை வாங்குவது என்று கேட்கும் ஊர் நண்பர்களிடம், வேகத்தைக் கேட்பதற்கு முன்னால் இது பழுதானால் யார் வருவார், எத்தனை நாளில் வருவார் என்று கேளுங்கள் என்றே சொல்கிறோம்.