பனி என்னும் ஒரு சொல்லும் பனிச்சரிவும்

பனி என்பது தமிழில் மிகப் பழைய சொல். ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தொல்காப்பியர், அவற்றுள் இரண்டிற்கு முன்பனி, பின்பனி எனப் பெயர் கூறினார். மார்கழி முதல் பங்குனி வரை புல்நுனியில் தங்கிக் கதிரவன் எழ மறையும் பனியே அது. இமயத்தில் ஆண்டு முழுதும் உருகாது கிடப்பதையும் சங்கப் புலவர் அச்சொல்லாலேயே சுட்டினர். உதகையின் புல்வெளியை வெளுப்பிக்கும் உறைபனியும் பனியே.

பழந்தமிழர்க்கு இமயம் மன்னர்தம் புகழின் எல்லையாக விளங்கியது. கண்ணகியின் படிமத்திற்குச் செங்குட்டுவன் அங்கிருந்தே கல் கொணர்ந்தான் எனச் சிலப்பதிகாரம் கூறும். நிலநடுக்கோட்டை அடுத்த சிங்கப்பூரில், கேலாங் போன்ற தாழ்நிலத்தில் வாழும் தமிழர்க்கோ பனி பெரும்பாலும் பாடநூற் சொல்லே. எனினும், அச்சொல் குறிக்கும் பொருள்களின் வேறுபாடு தமிழர் உயிரோடு தொடர்புற்ற காலமும் வந்தது.

1984 ஏப்ரலில் இந்தியப் படை சியாச்சின் பனியாற்றுப் பகுதியில் நிலைகொண்டது. 2016 பிப்ரவரி 3ஆம் நாள், அங்கே ஏறத்தாழ 19,600 அடி உயரத்திலிருந்த சோனம் காவல்நிலை புதையுண்டது. அதில் இருந்த பதின்மருள் பெரும்பாலோர் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19ஆம் பட்டாளத்தினர். அவருள் நால்வர் வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டத்தார். கருநாடகத்தைச் சேர்ந்த அனுமந்தப்பா கொப்பத் ஒருவரே ஆறாம் நாள் உயிருடன் மீட்கப்பட்டார். அவரும் பிப்ரவரி 11ஆம் நாள் தில்லி மருத்துவமனையில் உயிர் நீத்தார்.

இது வியத்தற்குரிய செய்தி. ஏனெனில், பனியிற் புதையுண்டோருள் முதற் பத்து, பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டியெடுக்கப்படுவோரே பெரும்பாலும் பிழைப்பர். அரைமணி கடப்பின் பிழைப்போர் மிகச் சிலர். மூச்சுவிடக் காற்று இன்மையே முதற் காரணம்.

செய்தித்தாள்கள் இதனைப் பனிச்சரிவு என்றன. ஆயின் அச்சொல்லில் இருவேறு இடர்கள் அடங்கியுள்ளன. ஒன்று, பொழிந்த பனியின் சரிவு. பனி அடுக்கடுக்காகப் படியும். கடுங்குளிரில் அடியடுக்கின் மணிகள் பிணைப்பிழந்து சர்க்கரைபோல் உதிர்ந்து நிற்கும். காற்றால் இறுகிய மேலடுக்கு அதன்மீது பாளமாகக் கிடக்கும். புதுப்பனியின் சுமையோ ஒருவர் காலடியோ தாக்கின் பாளம் முழுதும் பெயர்ந்து வழுக்கும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளிலேயே இது மிகுதி. அதனினும் செங்குத்தான இடத்தில் பனி தங்காது அவ்வப்போது உதிர்ந்துவிடும். பனியைக் குழிதோண்டி அடுக்குகளைச் சோதிப்போர் இவ்விடரை ஓரளவு முன்னறியலாம்.

மற்றொன்று, பன்னாள் இறுகிய பனிக்கட்டிச் சுவர் பிளந்து வீழ்தல். சோனத்தில் நிகழ்ந்தது இதுவே. இதனைக் குழிதோண்டி அறிய இயலாது. சுவரின்கீழ்த் தங்காமையே காப்பு.

முன்னதைப் பனிப்பாளச் சரிவு என்றும், பின்னதைப் பனிக்கட்டி வீழ்ச்சி என்றும் பிரித்து வழங்கலாம். தமிழ் இளைஞர் அம்மலைகளிற் காவல் நிற்கும் இக்காலத்தில் இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. பெரும்பொழுதுகளைக் கற்பிக்கும் ஆசிரியர் முன்பனியோடு இப்பனிகளையும் வேறுபடுத்திக் காட்டுவாராயின், பழஞ்சொல் இக்காலத்திற்கும் பயன்படும்.