தரம் பார்க்கிறவர் யார், விலை சொல்றவர் யார்? கடலூர் துணியிலிருந்து ஸ்டாக் போட்டோ வரை

இந்த எபிசோட்ல ஒரு சந்தையைப் பத்திப் பேசப் போறோம். முதல்ல ஒரு சின்ன வேலை. ஏதாவது ஒரு ஸ்டாக் போட்டோ தளத்தைத் திறந்து 'சிதம்பரம்' என்று தேடிப் பாருங்க. கோபுரம் வரும். கீழே இறக்கினால் மறுபடியும் கோபுரம். நீல வானம், அதே கோணம், எடுத்தவர் பெயர் மட்டும் வேறு. ஃபோகஸ் சரி, வெளிச்சம் சரி, எந்தப் படத்திலும் தப்பு சொல்ல முடியாது. ஆனா பத்தாவது படத்தை எதுக்குப் பார்க்கணும்னு தோணும்.

ஒருத்தரை ஒருத்தர் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் சரக்கு கொண்டு வர்ற சந்தையில தரத்தை எப்படி உயர்த்துறது? எல்லாரும் ஒரே சரக்கைக் கொண்டு வராம எப்படிப் பார்த்துக்கிறது? இது இணையத்தோடு பிறந்த கேள்வி இல்லை. சிதம்பரத்துக்கு வடக்கே, ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் கடலூர்க் கரையில் முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே இதே தலைவலி இருந்தது. அங்கே சரக்கு, துணி.

1690-ல் ஆங்கிலேய கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை, அப்போது செஞ்சியில் இருந்த மராத்திய மன்னர் ராஜாராம் தரப்பிடமிருந்து விலைக்கு வாங்கியது. சென்னையில் எலிஹு யேல் கவர்னராக இருந்த காலம். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? பீரங்கியால் சுட்டு, குண்டு போய் விழும் தூரம் வரை கம்பெனிக்கு. அப்படிச் சேர்ந்தவைதான் குண்டு கிராமங்கள். இன்னைக்கு சில்வர் பீச் போறவங்க அந்தப் பழைய கோட்டைப் பகுதியைத் தாண்டித்தான் போறாங்க. செயின்ட் டேவிட் கோட்டை என்று அதற்குப் பேர் வைத்தார்கள்.

கம்பெனிக்கு முக்கியமாகத் தேவைப்பட்டது சுற்றுவட்டார ஊர்களின் தறிகளில் நெய்த துணி. லண்டனிலிருந்து கப்பலில் பட்டியல் வரும்: இந்த வகை இத்தனை, அந்த வகை இத்தனை. கம்பெனி உள்ளூர் வணிகர்களோடு ஒப்பந்தம் போட்டு முன்பணம் கொடுக்கும். அந்தப் பணம் வணிகர், தலைமை நெசவாளர் என்று இறங்கி, கடைசியில் தறியில் உட்கார்ந்திருப்பவர் கைக்கு வரும். நெய்த துணி அதே வழியில் மேலே ஏறிக் கோட்டைக் கிடங்குக்குப் போகும்.

அங்கேதான் 'மஸ்டர்' காத்திருக்கும். போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்த சொல். நம்ம மொழியில் மாதிரித் துணி. வந்த துணியை மாதிரியோடு வைத்துப் பார்ப்பார்கள்: நீளம், அகலம், பாவில் எத்தனை இழை, நெசவு எவ்வளவு நெருக்கம். முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிப்பார்கள், தரத்துக்குத் தகுந்த விலை. தேறாத துணி திரும்பிப் போகும். ஸ்டாக் தளத்தில் படம் ஏற்றி, 'ஃபோகஸ் சரியில்லை', 'ஏற்கெனவே உள்ள படத்தைப் போல இருக்கு' என்று பதில் வாங்கியவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது.

மஸ்டரில் ஒரு பெரிய நன்மை உண்டு. தரம் என்பது கிடங்கு அதிகாரியின் மனநிலையைப் பொறுத்தது இல்லை, ரெண்டு பேரும் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொருள் நடுவில் இருக்கு. ஆனா அதுக்கு ஒரு எல்லையும் உண்டு. 'இதைப் போல நெய்' என்று மட்டும்தான் மஸ்டரால் சொல்ல முடியும். இதுவரை யாரும் பார்க்காத ஒன்றைக் கேட்க அதற்கு வாய் இல்லை. வெள்ளை லாங்கிளாத் வாங்குறவருக்கு அது போதும். அந்தத் துணியில் வித்தியாசம் என்றாலே பழுதுதான்.

அப்போ தர விதி இருந்தால் புதுமை செத்துடுமா? இதே கரையில் இன்னொரு சரக்கு வேறு கதை சொல்லுது. கையால் எழுதிச் சாயமேற்றிய பருத்தித் துணி, ஐரோப்பாவில் சின்ட்ஸ் என்று அழைத்தார்கள். அதற்கும் தரம் பார்த்தார்கள்: துவைத்தால் சாயம் போகக் கூடாது. ஆனா அதோட ஓட்டமே புதுப் புது வடிவங்களில்தான் இருந்தது. லண்டனிலிருந்து மாதிரி ஓவியங்கள் அனுப்பினார்கள். இங்கே உள்ள ஓவியர்கள் அதைப் பார்த்து வரைந்தபோது கொடி வேறு மாதிரி வளைந்தது, பூ வேறு மாதிரி மலர்ந்தது. பூத்துக் குலுங்கும் அந்தப் பெரிய மரச் சித்திரம் முழுக்க ஆங்கிலேயருடையதும் இல்லை, முழுக்க நம்முடையதும் இல்லை. புதுசு.

அந்தப் புதுமை ஐரோப்பிய ஆலைக்காரர்களை மிரட்டியது. பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை இந்த வகைத் துணிக்குத் தடை போட்டது. இங்கிலாந்தில் 1721-ல் உடுத்தவே தடை. இன்னொரு பக்கம் தொழில் ரகசியத்தைத் தேடி வந்தார்கள். 1730-களில் பொலியூ என்ற பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி, சாயமேற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டுத் துணியை வெட்டி எடுத்து, குறிப்போடு பாரிஸுக்குக் கொண்டு போனார். 1742-ல் கேர்து என்ற ஜேசு சபைப் பாதிரியார் முழுச் செய்முறையையும் கடிதமாக எழுதி அனுப்பினார். 1760-ல் பாரிஸுக்குப் பக்கத்தில் ஜூயி என்ற ஊரில் ஓபர்காம்ப் தன் அச்சுத் துணிப் பட்டறையைத் தொடங்கினார். அந்த முதலாளியின் பெயர் வரலாற்றில் இருக்கு. இங்கே துணியில் எழுதியவரின் பெயர் இல்லை. புதுமைக்குச் சந்தை இருந்தது, புதுமை செய்தவருக்கு உரிமை இல்லை.

சரி, தரத்துக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டில் கம்பெனியின் ஓயாத புகார், 'துணியின் தரம் இறங்குது' என்பது. காரணத்தைத் தறியிலிருந்து பாருங்க. துணிக்குப் பேசின விலை மாறாது. பஞ்சு விலையும் அரிசி விலையும் ஏறும். நெசவாளர் என்ன செய்வார்? பாவில் கொஞ்சம் இழையைக் குறைப்பார். கம்பெனி அதை ஏமாற்று என்றது. எனக்கு அது கணக்கு என்றுதான் தோணுது. கூடுதல் இழைக்குக் காசு கொடுக்காத இடத்தில் கூடுதல் இழை வராது.

ஆனாலும் அந்த நூற்றாண்டின் முற்பாதியில் நெசவாளர் கையில் ஒரு பிடி இருந்தது. வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஒப்பந்தம் பிடிக்கவில்லை என்றால், வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நெசவாளர் வெளியே வந்துவிடலாம். வெளியே வாங்க ஆளும் இருந்தது: வடக்கே புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர், தெற்கே தரங்கம்பாடியில் டேனிஷ்காரர், கரையோரம் டச்சுக்காரர், உள்ளூர்ச் சந்தை. ஒருவர் தள்ளிய துணியை இன்னொருவர் எடுப்பார். அதனால் தரம் பார்க்கிறவரும் கொஞ்சம் நியாயமாகப் பார்க்க வேண்டியிருந்தது.

பிறகு அந்தப் பிடி நழுவியது. 1758-ல் லாலி செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தார், 1761-ல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. அதற்குப் பிறகு கம்பெனி வணிகராக மட்டும் இல்லை, ஆட்சியாளராகவும் ஆனது. நடுவில் இருந்த வணிகர்களை ஒதுக்கிவிட்டு நெசவாளரிடம் நேராக முன்பணம் கொடுத்தது, வேறு யாருக்கும் நெய்யக் கூடாது என்று நெருக்கியது. மஸ்டர் அதே மஸ்டர்தான். ஆனா இப்போ வாங்குறவர், தரம் பார்க்கிறவர், விலை வைக்கிறவர், தண்டிக்கிறவர் எல்லாம் ஒரே ஆள். 'இரண்டாம் தரம்' என்ற சொல் விலையைக் குறைக்கிற கத்தி ஆயிடுச்சு. நெசவாளர்கள் கூட்டமாகத் தறியை விட்டு ஊரைக் காலி செய்து எதிர்ப்புக் காட்டிய நிகழ்வுகள் நடந்தன. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடக்கிற சுதந்திரம் மட்டும் திரும்பி வரவில்லை.

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். 2000-ல் கனடாவின் கால்கரியில் புரூஸ் லிவிங்ஸ்டன் ஐஸ்டாக்போட்டோ தளத்தைத் தொடங்கினார். முதலில் வடிவமைப்பாளர்கள் படங்களை இலவசமாக மாற்றிக்கொள்ளும் இடம். பிறகு விற்பனை வந்தது, ஒவ்வொரு படத்தையும் பரிசோதிக்க ஆட்கள் வந்தார்கள். 2006-ல் கெட்டி இமேஜஸ் 5 கோடி டாலருக்கு அதை வாங்கியது. 2010-ல் பங்களிப்பவர்களுக்கான பங்கு விகிதத்தை மாற்றியபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 2020 ஜூனில் ஷட்டர்ஸ்டாக் புது முறை கொண்டு வந்தது: 15 சதவீதத்தில் தொடங்கி 40 வரை படிகள், ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் எல்லாரும் மறுபடி முதல் படி. ஒரு படத்துக்கு 10 சென்ட் மட்டுமே கிடைக்கிற நிலையும் வந்தது.

பத்து சென்ட்டுக்கு யாராவது மூணு நாள் காத்திருந்து, பரங்கிப்பேட்டை மீனவர் வலை இழுக்கிற அந்த ஒரு நொடியை எடுப்பாரா? எடுக்க மாட்டார். ஓடுகிற படத்தைப் பார்த்து அதே மாதிரி நூறு ஏற்றுவார். அது சோம்பேறித்தனம் இல்லை. இழையைக் குறைத்த நெசவாளரின் அதே கணக்கு.

மாற்று வழி உண்டா? அதே லிவிங்ஸ்டன் 2013-ல் வேறு சிலரோடு சேர்ந்து ஸ்டாக்ஸி என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார். படம் எடுப்பவர்களே பங்குதாரர்கள், அவர்களுக்கு ஓட்டு உண்டு. வழக்கமான விற்பனையில் 50 சதவீதம், விரிவான உரிமத்தில் 75 சதவீதம் எடுத்தவருக்கு. உள்ளே வருவது கடினம், தேர்வு கறாரானது. ஆனா கறாரைத் தாண்டி வந்தவருக்கு அதன் பலன் கிடைக்குது. தரத்தைக் கேட்கிறவரும் தரத்துக்குக் காசு கொடுக்கிறவரும் அங்கே ஒரே பக்கம் நிற்கிறாங்க.

2022 செப்டம்பரில் கெட்டி செயற்கை நுண்ணறிவுப் படங்களை ஏற்க மறுத்தது. அதே வருஷம் டிசம்பரில் அடோபி ஸ்டாக், அடையாளம் குறிப்பிட்டால் ஏற்போம் என்றது. 'இதைப் போல' என்பதைச் செய்ய இனி மனுஷக் கை தேவையில்லை. மஸ்டருக்கு நெய்வதை இயந்திரம் நொடியில் நெய்யும். அதனால் 'இதைப் போல இல்லாதது' எதுவோ அதுக்குத்தான் இனி மதிப்பு இருக்க வேண்டும்.

சிதம்பரத்துக்குப் போனா கோபுரத்தை வெளியே நின்று எடுத்துட்டுத் திரும்பாதீங்க. வாசலுக்குள் நுழைந்து இருபுறச் சுவரையும் பாருங்க. நாட்டிய சாஸ்திரத்தின் 108 கரணங்கள் அங்கே சிற்பமாக இருக்கின்றன. கிழக்கு, மேற்கு வாசல்களில் சுலோகமும் சேர்த்துப் பொறித்திருக்கிறார்கள். கை எங்கே, கால் எங்கே என்று விதி தெளிவாகச் சொல்லுது. ஆனா ஒரே கரணத்தை ரெண்டு கோபுரங்களில் ஒப்பிட்டுப் பார்த்தால், இடுப்பின் சாய்விலும் முகத்தின் திருப்பத்திலும் வேறு வேறு சிற்பிகளின் கை தெரியும். விதியும் தனித்தன்மையும் ஒரே சுவரில் இருக்க முடியும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்கலை.

அதனால் நீங்க படமோ இசையோ வீடியோவோ எந்தத் தளத்திலாவது ஏற்றப் போறீங்கன்னா, விதிமுறைப் பக்கத்தைப் படிக்கும்போது மூணு விஷயம் பாருங்க. கூடுதல் உழைப்புக்குக் கூடுதல் காசு உண்டா? நிராகரித்தால் காரணம் சொல்வாங்களா? பிடிக்கலைன்னா உங்க படைப்பை எடுத்துக்கிட்டு வேறு இடம் போகலாமா? மூணாவதுக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், முதல் ரெண்டும் ரொம்ப நாள் நிலைக்காது.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.