பெயரை மறந்த சிறுமி

இளம்வயதில் வதைபட்டவர்களுக்கு மன்னிப்பை உபதேசிக்கும் கிறித்தவர்கள் பெரிதும் எடுத்தாளும் பெயர் ஜோசபின் பகித்தா. தம்மைக் கடத்தியவர்களை நேரில் கண்டால் முழந்தாளிட்டு அவர்கள் கைகளை முத்தமிடுவேன் என்றும், அவர்கள் இல்லையேல் தாம் கிறித்துவை அறிந்திருக்க இயலாது என்றும் அவர் ஒரு மாணவரிடம் கூறியதாக வரலாறு. ஏறத்தாழ 78 ஆண்டு வாழ்வு இந்த ஒரு மறுமொழிக்குள் சுருங்கிவிட்டது. அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றை நாம் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சூடானின் டார்ஃபூர் பகுதியில் 1869ஆம் ஆண்டளவில் பிறந்தவர் அவர். ஏழெட்டு வயதில் அடிமை வணிகர்கள் தூக்கிச் சென்றனர்; தமக்கை அதற்கு முன்பே பறிபோயிருந்தாள். பெயரைக் கேட்டபோது அச்சத்தில் சிறுமிக்கு நா எழவில்லை. கடத்தியவர்களே ஒரு பெயரை இட்டனர். பகித்தா என்றால் அரபு மொழியில் பாக்கியவதி! பெற்றோர் இட்ட பெயர் பின்னர் ஒருநாளும் அவர் நினைவுக்குத் திரும்பவில்லை. தாய், தந்தை, உடன்பிறந்தோர் ஆகியோரின் நினைவு இருந்தது. தன் பெயர் மட்டும் இல்லை. இதனை வெறும் மறதி என்று கொள்ள நமக்கு மனம் வரவில்லை.

பலமுறை கைமாறினார். எல் ஒபெய்து நகரில் துருக்கியத் தளபதி ஒருவரின் வீட்டில், சிறுமியின் உடலில் மாவினால் கோலம் இட்டு, அக்கோடுகளைக் கத்தியால் கீறி, காயங்களில் உப்பைத் தேய்த்தனர். 114 கீறல்கள். கோலம் என்னும் சொல்லை இவ்விடத்தில் எழுதக் கை கூசுகிறது.

1883இல் கார்ட்டூமில் இத்தாலியத் தூதரக அலுவலர் கலிஸ்தோ லெஞ்ஞானி அவரை விலைக்கு வாங்கினார். அவ்வீட்டில் அடி இல்லை. 1885இல் இத்தாலி சேர்ந்தார். வெனிஸ் நகருக்கு அருகே மிக்கியேலி குடும்பத்தில் குழந்தையைப் பேணும் பணி. 1888இல் எசமானி சூடான் சென்றபோது, குழந்தையும் பகித்தாவும் வெனிஸில் கனோசிய சகோதரிகளிடம் விடப்பட்டனர். அங்கேதான் அவர் மறைக்கல்வி பயின்றார். மறு ஆண்டு எசமானி அழைத்துச் செல்ல வந்தாள். பகித்தா வர மறுத்துவிட்டார். தாம் வளர்த்த குழந்தையைப் பிரிவது அவருக்கு எளிதாயில்லை. எனினும் மறுத்தார். வழக்கு அரசு அதிகாரிகளிடம் சென்றது. இத்தாலிய மண்ணில் அடிமைமுறைக்கு இடமில்லை, எனவே அவர் சுதந்திரர் என்று 1889 நவம்பர் 29 அன்று தீர்ப்பாயிற்று.

அவருடைய உள்ளம் ஆறத் தொடங்கியது இந்த 'மாட்டேன்' என்னும் சொல்லிலிருந்துதான் என்பது நம் துணிபு. மன்னிப்பு பிற்பாடு வந்தது. வரிசையை மாற்றி, மறுக்கும் உரிமையே இல்லாத ஒரு குழந்தையிடம் முதலில் மன்னிப்பைக் கேட்பது இரண்டாம் கொடுமை.

1890 ஜனவரி 9 அன்று திருமுழுக்குப் பெற்றார். அன்று சூட்டிய பெயர்களுள் ஒன்று ஃபொர்த்துனாத்தா. பகித்தா என்பதன் இலத்தீன் வடிவம் அது. கடத்தியவர்கள் இட்ட பெயர் களையப்படாமல், மொழிமாற்றம் பெற்றுத் தொடர்ந்தது. இறைவனை அவர் வெனிஸ் வட்டார வழக்கில் 'பரோன்' என்று அழைத்தார். எசமானன் என்பதே அதன் பொருள். தமிழ்க் கிறித்தவர் நாவில் தேய்ந்துபோன 'ஆண்டவர்' என்னும் சொல்லும் அதே வேரினதுதானே! நம் பக்தி இலக்கியம் ஆண்டான் அடிமை உறவை அன்பின் உருவகமாகப் பாடிக் களிக்கும். அடிமைத்தனத்தைத் தோலில் சுமந்த ஒரு பெண் அச்சொல்லையே தேர்ந்தது வேறு வகையானது. சவுக்கால் அடித்த எசமானர்களை அறிந்திருந்தவர், சவுக்கால் அடிபட்ட ஓர் எசமானனைக் கண்டடைந்தார். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007இல் வெளியிட்ட சுற்றுமடலில் இதனை விரிவாக எடுத்துரைத்தார்.

1896இல் துறவற வார்த்தைப்பாடு; 1902 முதல் ஸ்கியோ நகர் மடம்; சமையல், பூத்தையல், பின்னர் வாயிற்காவல். 1910இல் தம் கதையைச் சகோதரி ஒருவரிடம் சொல்லி எழுதுவித்தார். 1931இல் அவர் வரலாறு நூலாக வந்தபின் காண வருவோர் கூட்டம் பெருகிற்று. 2000ஆம் ஆண்டில் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

1947 பிப்ரவரி 8 அன்று அவர் இறந்தார். இறுதி நாள்களின் காய்ச்சல் மயக்கத்தில் அவர் மீண்டும் அடிமைச் சிறுமியானார். சங்கிலி மிகவும் இறுகியிருக்கிறது, சற்றே தளர்த்திவிடுங்கள் என்று தம்மைப் பேணிய சகோதரியிடம் வேண்டினார். ஐம்பது ஆண்டுக்கும் மேற்பட்ட செபத்துக்குப் பின்னும் சங்கிலி அங்கேயே இருந்தது. ஆயினும் இம்முறை, தளர்த்திவிடுங்கள் என்று கேட்க அருகில் ஒருவர் இருந்தார்.