நீல வெள்ளைப் பீங்கான்

சீனாவின் ஜியாங்சி மாகாணத்திலுள்ள ஜிங்தேசென் நகரச் சூளைகளில் 14ஆம் நூற்றாண்டில் முழு வளர்ச்சி பெற்று, உலகெங்கும் பரவிய பாண்ட வகை நீல வெள்ளைப் பீங்கான். சீனக்களிமண்ணும் ஒருவகைப் பாறைப்பொடியும் கலந்து பாண்டம் வனைவார்கள். அது காய்ந்ததும் கோபால்ட் கலவையால் சித்திரம் தீட்டி, மேலே நிறமற்ற கண்ணாடிப் பூச்சு கொடுத்து, சுமார் 1,300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடுவார்கள். சுடாத பாண்டம் தூரிகையின் ஈரத்தைச் சட்டென்று உறிஞ்சிவிடும்; கோடு பிசகினால் திருத்துவது கடினம். மங்கலாகச் சூளைக்குள் போகும் கோபால்ட், நீலமாக வெளியே வரும்.

மிங் வம்சத்துக்கு முந்தைய யுவான் வம்ச ஆட்சியில் தரமான கோபால்ட் பாரசீகத்திலிருந்து வந்தது. பலர் சூழ்ந்து உண்ணும் மேற்காசிய விருந்துகளுக்கேற்ற பெரிய தட்டுகள் அங்கேயே திரும்பிப் போயின. ஆனால் சொந்த நாட்டில் இந்தப் பாண்டத்துக்கு உடனே மதிப்புக் கிடைக்கவில்லை. 1388இல் சாவ் ஜாவ் எழுதிய கலைப்பொருள் கையேடு இதைக் கொச்சையானது என்று ஒதுக்கியது. மிங் பேரரசர் சுவாந்தே காலத்தில் (1426–1435) அரண்மனையே தன் முத்திரையுடன் இதைச் செய்யச் சொன்னபோது நிலைமை முற்றிலும் மாறியிருந்தது.

பெரும் சேகரிப்புகள் மேற்காசிய அரசர்களிடம் உருவாயின. இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனையில் 10,000க்கும் மேற்பட்ட சீனப் பீங்கான்கள் உள்ளன. பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் 1611இல் ஆயிரத்துக்கும் அதிகமானவற்றை அர்தபில் தர்காவுக்குக் காணிக்கையாக்கினார். ஐரோப்பாவில் சாக்சனியின் ஆட்சியாளர் அகஸ்டஸ் 1717இல் பிரஷ்ய மன்னருக்கு 600 குதிரைப்படை வீரர்களைக் கொடுத்து 151 பீங்கான்களைப் பெற்றுக்கொண்டார். அவருடைய ஆதரவில்தான் 1710இல் மைசென் பீங்கான் ஆலை தொடங்கப்பட்டிருந்தது. தமிழகக் கடற்கரையும் இந்த வணிகத்துக்கு வெளியே இல்லை: ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் நடந்த அகழாய்வில் சீனப் பீங்கான் சில்லுகள் ஏராளமாகக் கிடைத்தன.

இதன் காலவரிசையை உறுதிசெய்தவை இரண்டு சாடிகள். இரண்டடிக்குச் சற்று உயரமான அவற்றின் கழுத்தில் யானைத்தலைக் கைப்பிடிகள், உடலைச் சுற்றி மேகங்களுக்கிடையே நெளியும் டிராகன். கழுத்தில் வரைந்த வாழையிலைகளுக்கு நடுவே, ஜாங் வென்ஜின் என்பவர் குடும்ப நலன் வேண்டி இவற்றை ஒரு கோயிலுக்கு அளித்த செய்தி, 1351ஆம் ஆண்டுக் குறிப்புடன் எழுதப்பட்டிருக்கிறது. பம்பாயில் 1892இல் பிறந்த சேகரிப்பாளர் பெர்சிவல் டேவிட் இவற்றைத் தனித்தனியே வாங்கி மீண்டும் ஜோடி சேர்த்தார். உயர்ந்த நீல வெள்ளை வேலைப்பாடு மிங் காலத்தில்தான் தொடங்கியது என்ற கருத்து இவற்றால் தகர்ந்தது. 1950களில் அமெரிக்க அறிஞர் ஜான் அலெக்சாண்டர் போப் இவற்றை அளவுகோலாகக் கொண்டு தோப்காபி, அர்தபில் பீங்கான்களில் யுவான் காலத்தவற்றைப் பிரித்தறிந்தார். சாடிகள் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன.

சந்தையில் மிங் பெயருக்கு இருக்கும் மவுசு தனி. நீலக் கோடுகளுக்கிடையே பல வண்ணம் நிரப்பிய, மிங் பேரரசர் செங்ஹுவா காலக் கோழிக் கிண்ணம் ஒன்று 2014இல் ஹாங்காங்கில் 28 கோடி ஹாங்காங் டாலருக்கு ஏலம் போனது. ஆயினும் அடியிலுள்ள முத்திரையை மட்டும் பார்த்துக் காலத்தைத் தீர்மானிக்கக் கூடாது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் ஜிங்தேசென் குயவர்கள் முன்னோர் மீதிருந்த மதிப்பால் செங்ஹுவா முத்திரையையே தங்கள் பாண்டங்களில் எழுதினார்கள்.